காற்றுப் பட்டதால் புற்று திரும்பவில்லை

"கத்தி வைத்ததும் காற்றுப் பட்டுப் புற்று பரவியது, அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்ததுதான் பிழை" என்று, அறுவைக்குப் பிறகு உணவுக்குழாய்ப் புற்று திரும்பிய ஒருவரின் மகனுக்கு மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. காற்றுக்கும் புற்றுக்கும் தொடர்பில்லை. உணவுக்குழாய்ப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே விழுங்குவதில் சிக்கல் காட்டுகிறது. அதற்குள் ஸ்கேனில் தெரியாத அளவில் செல்கள் நிணநீர்க்கணுக்களுக்கோ கல்லீரலுக்கோ போயிருக்கலாம். அவைதான் பின்னர் வளர்கின்றன. பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள். சம்மதக் கையெழுத்துப் போட்ட மகன் குற்றவாளி அல்ல. நானும் போட்டவன், இதே பேச்சைக் கேட்டு நொந்தவன்.

விழுங்க முடியவில்லை என்றாலே புற்று திரும்பிவிட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். அறுவையில் புற்றுள்ள உணவுக்குழாய்ப் பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் மேலே இழுத்துத் தைத்த இடம் தழும்பேறிச் சுருங்குவதும் உண்டு. என் அப்பா ஒரு மடக்குத் தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டு, விழுங்கப் பயந்து உட்கார்ந்திருப்பார். முதல் முறை காரணம் அந்தத் தழும்புதான். எண்டோஸ்கோப்பி (வாய் வழியே விடும் கேமராக் குழாய்) வழியே விரித்துவிட்டார்கள். இரண்டாம் முறை புற்றேதான். அப்போதும் கை விரிக்க வேண்டியதில்லை: திரும்பிய இடத்தைப் பொறுத்துக் கதிர்வீச்சு, கீமோதெரபி, நோயெதிர்ப்புச் சிகிச்சை, அடைப்புக்கு ஸ்டென்ட் (பாதையைத் திறந்து வைக்கும் சிறு குழாய்). வலித் தணிப்பு மருத்துவரைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கிவைக்காமல் இப்போதே பாருங்கள்.