சொட்டு விட்டால் காது கேட்குமாம்

காதில் விட்டால் செவிடே போய்விடும் என்று ஒரு ஐயா சொட்டு மருந்து விற்கும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதற்குக் கீழே நான் போட்ட கமெண்ட்டைத் தூக்கிவிட்டார்கள். சரி, இங்கே தூக்க முடியாதல்லவா?

"எத்தனை வருடச் செவிடும் கேட்கும்" என்கிறார் அந்த ஐயா. நான் கேட்டது ஒன்றே ஒன்று: காதில் விடும் சொட்டு செவிப்பறையைத் தாண்டி எப்படிப் போகும்? வயதாலும் இரைச்சலாலும் போகிற கேட்கும் திறன், அதற்கும் உள்ளே, உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியாவில் போகிறது. அங்கே ஒலியை உணரும் மயிர்செல்கள் மனிதனுக்கு ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சாத்தின கதவில் தண்ணீர் தெளித்தால் சமையல்கட்டு நனையுமா?

"எங்க பாட்டி எண்ணெய் விட்டுத்தான் எனக்குக் காது திறந்தது" என்று வருவீர்கள். திறந்திருக்கும். அது குறும்பி. ஊறி இளகி வந்திருக்கும். அதற்கும் சீழுக்கும் டாக்டரே சொட்டு எழுதுகிறார், நான் சொட்டுக்கு விரோதி இல்லை. ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருப்பவர் ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கலந்த சொட்டை டாக்டரைக் கேட்காமல் விட்டால் இருக்கிற கேட்கும் திறனும் போகலாம்.

என்னை எரிச்சல்படுத்தியது அந்த ஐயாகூட இல்லை. "நேற்றிலிருந்து வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை, மருந்து எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்க, போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். திடீரென்று காது போனால் அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால்தான் மீள வாய்ப்பு அதிகம். இவர்கள் கூரியர் வருவதற்குள் அந்த வாய்ப்பு போய்விடும். இதைச் சொன்னதற்கு நான் 'அலோபதி ஏஜென்ட்'. கமிஷன் எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

காது மெஷின் விலை கட்டாது என்பது நியாயம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவி இலவசமாகத் தருகிறார்கள், போய்க் கேளுங்கள்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் பட்டறைக்குள் பேச்சே கைஜாடைதான். வீட்டுக்கு வந்தும் எங்கள் வாயைப் பார்த்தே பதில் சொல்வார். புரியாமல் திரும்பக் கேட்டால் சொந்தக்காரர்கள் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். எல்லோரும் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. கடைசியில் மெஷின் மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். "என்ன மாப்ளே, காதுல ரேடியோவா?" என்று பந்தியில் சத்தமாகக் கேட்டார் ஒரு பெரிய மனுஷர். அப்பா அங்கேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்றுவரை வெளியே மாட்டுவதில்லை.

அதே பெரிய மனுஷர்தான் நேற்று இந்த வீடியோவை எனக்கு அனுப்பி, "அப்பாவுக்கு வாங்கிக் குடுப்பா" என்கிறார். வேண்டாம் மாமா. அடுத்த கல்யாணத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாக நாலு வார்த்தை பேசுங்கள், போதும்.