சாக்லேட் மட்டும்தான் குற்றவாளியா?
சாக்லேட்டை நிறுத்தினாலே குழந்தைகளின் சொத்தைப் பல்லைத் தடுத்துவிடலாம் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. என் தங்கை மகள் 2 வயது வரை சாக்லேட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மேல் முன்பற்கள் ஈறோரம் வெளுத்து, பிறகு பழுப்பாகிக் கரைந்துவிட்டன. சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கம்தான் காரணம். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அந்தச் சர்க்கரை பல்லிலேயே தங்கிவிடுகிறது. கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. இனிப்பு எவ்வளவு என்பதோடு எத்தனை முறை என்பதையும் பார்க்க வேண்டும். மணிக்கொரு தரம் கொறிக்கும் பிஸ்கட் சாக்லேட்டுக்குச் சளைத்ததல்ல. 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை ஐயா! முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகலாம். முதல் பல் முளைத்ததுமே, பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாது கலந்த பற்பசையை ஓர் அரிசி அளவு தொட்டுத் துலக்கிவிடலாம், 3 வயதுக்குமேல் பட்டாணி அளவு. தருமபுரிப் பக்கம் போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் மட்டும், அது அளவு மிஞ்சிவிடாமலிருக்க, பல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.