ஹிமாலியாவைக் கண்ணால் தேடாதீர்கள், கேமராவில் பிடியுங்கள்

ஏற்காட்டில் 4 அங்குலத் தொலைநோக்கி இருந்தாலே வியாழனின் வெளிநிலவு ஹிமாலியாவைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. முடியவே முடியாது. அதன் பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 14.6 அளவில்தான் இருக்கும். கலிலியோ கண்ட நான்கு நிலவுகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கல். 1904-ல் வானியலாளர் சார்ல்ஸ் பெரைன் இதைக் கண்டுபிடித்ததே ஒளிப்படத் தகட்டில்தான்.

8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் தாராளமாகப் பிடிக்கலாம். முதலில் நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் நிலவின் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியாழனைவிட்டு அரைப் பாகைக்கு மேல் விலகியிருக்கும் இரவாகப் பாருங்கள், இல்லையென்றால் வியாழனின் ஒளி படத்தையே விழுங்கிவிடும். வியாழனைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, 30 நொடிப் படங்கள் 20 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு 20. எதிரமைவுக் காலத்தில், அதாவது வானில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே இருக்கும்போது, ஹிமாலியா இதற்குள் சுமார் 20 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) நகர்ந்திருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நகரும் புள்ளி அதுதான். எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கினால் புள்ளி இழுபட்டுக் காணாமல் போய்விடும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் வேண்டாம், கீழே சேலத்தின் வெளிச்சம். அடுத்த எதிரமைவு 2027 பிப்ரவரியில். மலைப்பனியில் முன்கண்ணாடி நனைந்துவிடும், சூடேற்றும் பட்டையை முதலிலிருந்தே போட்டுவையுங்கள். நள்ளிரவையொட்டி வியாழன் உச்சிக்குப் பக்கத்தில் போகும். அப்போது வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் நிலநடுக்கோட்டுத் தாங்கியை மறுபக்கம் திருப்ப நேர்ந்தால் படம் தலைகீழாகும், ஒப்பிடும் முன் 180 பாகை சுழற்றிக்கொள்ளுங்கள்.