பழைய டீரெய்லரில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

பழைய ரேஸ் சைக்கிளைப் புதுப்பிக்க இறங்கும் பலரும் முதலில் தேடுவது கேம்பக்னோலோவின் நூவோ ரெக்கார்டு. 1967-இல் வந்த இத்தாலிய டீரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளிக் கியர் மாற்றும் பின்சக்கரத்துப் பாகம். பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்துப் பொருள் என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கிதான். அழகான பொருள், மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த விலையில் பெரும்பகுதி பெயருக்குப் போகிறது, வேலைக்கு இல்லை.

வேலை என்று பார்த்தால் சன்டூர்தான் என் கட்சி. சன்டூரைத் தயாரித்த ஜப்பானின் மயேடா நிறுவனம் 1964-இலேயே டீரெய்லரின் இணைகரத்தை (செயினைப் பக்கவாட்டில் நகர்த்தும் நான்கு மூட்டு அமைப்பை) சாய்த்து வைத்துவிட்டது. பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் சின்னதிலிருந்து பெரிதாகச் சரிந்து போகின்றன அல்லவா, அதே சரிவில் இதுவும் நகரும். செயினை வழிநடத்தும் மேல் உருளைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி எந்தக் கியரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். லீவரை லேசாகத் தள்ளினால் போதும், செயின் டக்கென்று உட்காரும். நூவோ ரெக்கார்டில் அந்த இடைவெளி கியருக்குக் கியர் மாறும்; கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, பிறகு பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். 1980-களின் நடுவில் சன்டூரின் காப்புரிமை முடிந்ததும் போட்டி ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ அதே சாய்வை எடுத்துக்கொண்டது, அப்புறம் கேம்பக்னோலோவும். இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

அதற்காக இத்தாலிய ஃப்ரேமில் சன்டூரை மாட்டச் சொல்லவில்லை. எழுபதுகளின் கோல்னாகோ போன்ற இத்தாலிய சைக்கிளுக்கு நூவோ ரெக்கார்டுதான் பொருத்தம், அங்கே தாராளமாகச் செலவழியுங்கள். பல நூவோ ரெக்கார்டுகளின் உடம்பிலேயே காப்புரிமை எழுத்துடன் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். ஃப்ரேமின் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு மனசு கேட்காதது இன்னொன்று: நல்ல ஜப்பானியச் சைக்கிளிலிருந்து அசல் சன்டூர் சைக்ளோனைக் கழற்றிவிட்டு, மதிப்புக் கூடும் என்று இத்தாலியப் பாகத்தை மாட்டுவது. சைக்ளோன் எடையும் குறைவு, கியரும் அருமையாக மாற்றும். அதைக் கழற்றினால் அந்தச் சைக்கிளின் மதிப்பு இறங்கத்தான் செய்யும்.

பிரெஞ்சு சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்தது, வயதாக ஆக விரிசல் விடும். பழைய பெஜோ என்ற பிரெஞ்சு சைக்கிளை வந்தபடியே வைத்திருக்க வேண்டுமென்றால் வாங்கலாம், தினமும் ஓட்ட வேண்டாம்.

எதை வாங்கினாலும் கூண்டின் (இரண்டு உருளைகளையும் தாங்கும் பாகத்தின்) கீழ்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். உருளைகளின் பல் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேமில் முடுக்குகிற போல்ட்டின் மரை போயிருந்தால் பேரம் பேசக்கூட நிற்காதீர்கள்.