கண்ணுக்குள் ஒரு சமாதான ஏற்பாடு

கருவிழியில் (கண்ணின் முன்புறம் இருக்கும் ஒளிபுகும் படலம், கார்னியா) ரத்தக்குழாய் இல்லை, அதனால்தான் மாற்றுக் கருவிழியை உடல் நிராகரிப்பதில்லை என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிக் கதைதான். கண் சும்மா ஒளிந்துகொண்டிருப்பதில்லை, தானாகவே தற்காப்பும் செய்துகொள்கிறது. அந்நியப் பொருளைத் தாக்க உள்ளே நுழையும் வெள்ளணுக்களை 'ஃபாஸ் லிகாண்ட்' என்ற புரதம் தற்கொலை செய்துகொள்ள வைக்கிறது. கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீரில் டிஜிஎஃப்-பீட்டா என்றொரு பொருள் உண்டு. அது மிச்சமிருப்பவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. இந்தத் தாக்குதலால் வீக்கம் வந்தாலும் மற்ற உறுப்புகள் தாங்கிவிடும். விழித்திரை செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. அதனால்தான் இத்தனை முன்ஜாக்கிரதை.

என் அம்மாவுக்குக் கருவிழி மாற்றினார்கள். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டாமா என்று கேட்டேன். பொதுவாகத் தேவையில்லை என்றார் டாக்டர். ஆனால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தவே விடவில்லை. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே வரச் சொன்னார். ஆக, நிராகரிப்பே கிடையாது என்று எழுதுவது கொஞ்சம் ஆபத்து. புதிய ரத்தக்குழாய்கள் கருவிழிக்குள் படர்ந்துவிட்டால் வெள்ளணுக்களிடமிருந்து தப்பும் இந்தச் சலுகை பறிபோய்விடும்.

அப்புறம், கண் இப்படி வெள்ளணுக்களின் பார்வையில் படாமல் மறைந்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கண்ணில் ஆழமாகக் காயம் பட்டால், அதுவரை மறைந்திருந்த புரதங்கள் வெளியே வந்து, உடல் அவற்றை அந்நியமாக நினைத்து அடிபடாத மற்றக் கண்ணையும் தாக்கலாம். அரிதுதான். பார்வையற்றோருக்கான எழுத்துமுறையை உருவாக்கிய லூயி பிரெய்லுக்கு இரண்டாவது கண்ணும் போனது இப்படித்தான் என்று பலர் கருதுகிறார்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்களேன்.