பிணை இல்லாக் கடனுக்குப் பிணை யார்?

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். இன்றைய சமூகம் சந்திக்கும் சவால்கள் பற்றி மூன்று நிபுணர்கள் பேசினார்கள். ஒரு பொருளாதாரப் பேராசிரியர், ஒரு மனநல மருத்துவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். கிராமத்துப் பெண்களின் கடன் பற்றி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு போனது. மூவரும் விஷயம் தெரிந்தவர்கள், அக்கறையோடுதான் பேசினார்கள். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: பெண்களுக்கு நிதி பற்றிய விழிப்புணர்வு போதவில்லை, அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தியின் முகம்தான் கண்முன் வந்தது. எல்லாம் கடன் கொடுக்கும் கம்பெனிகள் சேர்த்துவிட்ட லோன் குழுக்கள்: செவ்வாய் ஒரு குழு, வியாழன் ஒரு குழு, மாதம் ஒருமுறை கட்டுகிற குழு இன்னொன்று. எதற்கு எத்தனை டியூ பாக்கி, எதை முடித்தால் எதில் புது லோன் கிடைக்கும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்தது 2018 நவம்பரில். தென்னம்பிள்ளை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். வாரத் தவணை அதுவரை காத்திருக்காது. சித்தி ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்ட ஆரம்பித்தது அப்போதுதான். கணக்குத் தெரியாமல் விழுந்த குழி இல்லை அது. கணக்குப் போட்டுப் பார்த்து, வேறு வழியில்லாமல் இறங்கியது.

மேடையில் வராமல் போனது என்ன என்றால், குழுக் கூட்டம். ஒரு செவ்வாய்க்கிழமை ஊரில் இருந்தபோது நான் நேரில் பார்த்தேன். காலையில் எதிர்வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து பத்தொன்பது பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். உறுதிமொழி சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக அட்டையும் பணமும் நீட்டினார்கள். பத்தொன்பது பேரும் கட்டியாயிற்று. இருபதாவதாக ஒரு அக்கா மட்டும் வரவில்லை. அவர் கணவர் காய்ச்சலில் படுத்து நாலு நாளாகக் கொத்து வேலைக்குப் போகவில்லை.

வசூலுக்கு வந்த தம்பி சத்தம் போடவில்லை, மிரட்டவும் இல்லை. "எல்லார் பணமும் வந்தாத்தான் நான் எந்திரிக்க முடியும்க்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்திருக்காமல் மற்றவர்களும் எழ முடியாது. நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டியவர்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேர் எழுந்து அந்த அக்கா வீட்டு வாசலுக்குப் போனார்கள். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள். முதல் நாள் சாயங்காலம் அதே வாசலில் உட்கார்ந்து அவரோடு பூக் கட்டியவர்கள்தான் இரண்டு பேரும். கடைசியில் சித்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை அவிழ்த்துப் போட்டார். மிச்சத்தை நாலைந்து பேர் சேர்ந்து போட்டார்கள். கூட்டம் கலைந்தது.

அடுத்த பத்து நாளும் அந்த அக்கா, எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் தெருக்குழாய்க்கு வந்தாராம். சித்திதான் சொன்னார்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிமுறை இந்த நுண்கடனைப் பிணை இல்லாக் கடன் என்கிறது. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பது. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது, வசூல் என்று காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் நகையும் நிலமும் வாங்காத இடத்தில் என்ன பிணையாக நிற்கிறது? பக்கத்து வீட்டு உறவு. அது முறிந்துபோகும் என்ற பயம்தான் தவணையைக் கட்ட வைக்கிறது. வங்கி அதிகாரி பெருமையோடு சொன்ன வசூல் சதவீதத்துக்குள் சித்தியின் ஐந்நூறு ரூபாயும் இருக்கிறது, அந்த அக்காவின் பத்து நாளும் இருக்கிறது.

நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முகமது யூனுஸ் 1976-ல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய சிறுகடன் முயற்சி 2006-ல் நோபல் பரிசு வரை போனது. பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் மற்றவர்களும் ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, பாதியில் முதலில் கடன் கொடுக்க வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறு தொழிலில் முதலீடு கொஞ்சம் கூடியது, ஆனால் வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்போ பிள்ளைகளின் படிப்போ குறிப்பிடும்படி மாறவில்லை என்று கண்டார்கள். ஆந்திராவில் இந்தக் கடன் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்து, 2010 அக்டோபரில் அவசரச் சட்டமே வந்தது. தமிழ்நாட்டிலும் கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் சட்டம் வந்திருக்கிறது. இதெல்லாம் பேசிப் பேசித்தான் நடந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவையும் இந்த லோன் குழுவையும் மேடையில் ஒன்றாகவே பேசினார்கள். 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த குழுக்களில் பெண்கள் முதலில் சேமித்தார்கள், தங்கள் பணத்தைத் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள், அப்புறம்தான் வங்கிக்குப் போனார்கள். யாருக்கு இந்த மாதம் முடியவில்லை என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அவர்களுக்கு இடம் இருந்தது. லோன் குழுவில் கடன்தான் முதலில் வருகிறது. தவணைத் தேதியை முடிவு செய்கிறவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டையும் குழப்பினால் மருந்தும் மாறிப்போகும்.

நிதி விழிப்புணர்வு வகுப்பைத் தாராளமாக நடத்துங்கள். அதற்கு முன்னால் ஒருத்தி கட்ட முடியாமல் போனதை மற்றவர்கள் தலையில் வைப்பது சரியா என்று பேசுங்கள். காய்ச்சல், புயல், வேலையில்லாத வாரம் வந்தால் தவணை தானாகத் தள்ளிப்போக வழி உண்டா என்று பேசுங்கள். அதைப் பேசுகிற மேடையில் குழுவில் கடன் எடுத்த ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடுங்கள். அவர் அழுது காட்ட வேண்டியதில்லை. அந்தத் திண்ணையில் என்ன நடக்கிறது என்று அந்த அரங்கில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கருத்தரங்கு நடத்தியவர்களுக்கு இதையே எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் இன்னொரு அமர்வு வைக்கிறோம், உங்கள் சித்தியைக் கூட்டி வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். போன் பண்ணிச் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வர்றேன்டா. ஆனா செவ்வாயும் வியாழனும் வேண்டாம்னு சொல்லிரு, அன்னைக்கு டியூ."