சிங்க் துளையை எங்கே வெட்டுவது?

உப்புவெளியில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் குசினி மேடைக்கு எந்தக் கல்லைப் போடுவது என்ற பேச்சு மூன்று மாதமாக ஓய்ந்தபாடில்லை. மனைவிக்கு வெள்ளை குவார்ட்ஸ் பலகை பிடித்திருந்தது, எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை. மெல்போர்னில் இருக்கும் அக்காவுக்குப் படத்தை அனுப்பியபோதுதான், "இதை இங்கே தடை செய்துவிட்டார்கள், தம்பி" என்றார். தேடிப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவில் இந்தக் குவார்ட்ஸ் போன்ற செயற்கைக் கல் பலகைகளைத் தயாரிப்பதும் விற்பதும் வெட்டுவதும் பதிப்பதும் 2024 ஜூலை 1 முதல் தடை. இறக்குமதி 2025 ஜனவரி 1 முதல் தடை.

அந்தக் கல்லிலிருந்து வீட்டுக்குள் ஏதோ நஞ்சு கசியும் என்றுதான் முதலில் பயந்தேன். அது தவறு. பதித்து முடித்த மேடை அதில் மரக்கறி நறுக்குபவருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. அதனால்தான் ஏற்கெனவே பதித்த மேடைகளைக் கழற்றும்படி அங்கும் சொல்லவில்லை. ஆபத்து முழுவதும், அந்தப் பலகை நம் வீட்டுக்கு வருமுன் அதை அறுத்து, துளைத்து, ஓரம் தீட்டும் தொழிலாளியின் நுரையீரலுக்குத்தான். குவார்ட்ஸ் பலகை என்பது பொடித்த குவார்ட்ஸைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. அதில் படிகச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் ஆகியிருக்கும் கனிமம், 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும். அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயை மாற்ற மருந்து இல்லை. காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அது வழிவிடுகிறது. செயற்கைக் கல் வெட்டும் இளைஞர்கள் பத்தாண்டுக்குள்ளேயே நோயாளிகளானதுதான் அந்தத் தடைக்குக் காரணம்.

அப்படியானால் இயற்கைக் கல்லைப் போட்டால் போயிற்று என்று உறவினர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அவ்வளவு இலகுவாக அதை ஏற்க முடியவில்லை. கிரனைட்டிலும், வகையைப் பொறுத்து, 20 முதல் 45 சதவீதம் வரை சிலிக்கா இருக்கலாம். மாபிளில் மிகக் குறைவு, ஆனால் தேசிக்காயும் புளியும் சிந்தாத நாளே இல்லாத நம் குசினியில் மாபிளின் பளபளப்பு ஒரு வருடம் தாங்காது. ஒட்டும் டைல்ஸிலும் சிலிக்கா உண்டு. துருப்பிடிக்காத உருக்குத் தகட்டையும் யோசித்தோம். கடற்காற்றில் மலிவான தகடு புள்ளி புள்ளியாகக் கறைபடுவதைப் பக்கத்து வீட்டில் பார்த்ததால் விட்டுவிட்டோம். கடைசியில் கறுப்புக் கல்லில் வந்து நின்றோம். கறுப்புக் கிரனைட் என்று விற்கப்படும் கற்களில் பல, புவியியல்படி கிரனைட்டே அல்ல. கப்ரோ, டொலரைட் போன்ற அவற்றில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைத்தாலும் பிசின் கலந்த கல்லைப்போல அதில் சூட்டுத் தழும்பு விழாது என்பது மனைவியையும் சம்மதிக்க வைத்தது.

ஆனால் எந்தக் கல் என்பதைவிட அதை எங்கே, எப்படி வெட்டுகிறார்கள் என்பதே பெரிய கேள்வி என்பது என் கருத்து. நம் ஊரில் பலகையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சிங்க் துளையை வீட்டு முற்றத்திலேயே கிரைண்டரால், தண்ணீர் விடாமல், வெட்டுவது வழக்கம். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் அப்படி வெட்டிய இளைஞரின் மூக்கில் ஒரு லேஞ்சி மட்டுமே கட்டியிருந்தது; வேலி முருங்கை மாலைவரை வெள்ளையாக நின்றது. கேட்டதற்கு, "பழகிப் போச்சு அண்ணா" என்றார். லேஞ்சி அந்த நுண்துகளைத் தடுக்காது. எட்டு மணிநேர வேலைக்கு அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதிக்கும் அளவு, ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா மட்டும்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி வெகுவாகக் குறையும். அதற்கும் மேலாக முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் முகமூடியும் வேண்டும். அறுக்கும்போது சேரும் கல்தூள் சேற்றைக் காயவிட்டு விளக்குமாற்றால் கூட்டினால் தூசி திரும்ப எழும், ஈரத்தோடேயே கழுவிவிட வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரரிடம் விலை பேசுமுன் நான் கேட்டது, தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷின் இருக்கிறதா என்பது. இருக்கிறது என்றார், நேரில் போயும் பார்த்தேன். அளவெடுத்துக்கொண்டு போய் சிங்க் துளை, குழாய்த் துளை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டு வரவேண்டும், எங்கள் வீட்டில் கிரைண்டர் சத்தமே கேட்கக்கூடாது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போக்குவரத்தில் துளையோரம் உடைந்தால் தன்னைக் குறைசொல்லக்கூடாது என்றார். நியாயமான பேச்சு, உடைந்தால் பாதிச் செலவை நான் ஏற்பதாக ஒப்புக்கொண்டேன்.

வளைத்துத் தீட்டும் ஓரத்தையும் விட்டுவிட்டோம். நேர் ஓரத்துக்குத் தீட்டும் வேலை குறைவு, அடிக்கணக்கில் கூலியும் குறைந்தது. கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க் என்றால் துளையின் உள்விளிம்பு முழுவதையும் தீட்டிப் பளபளப்பாக்க வேண்டும். மேலே விளிம்பு உட்காரும் சிங்க்குக்கு அந்த வேலையே இல்லை. அந்த விளிம்பில் ஊத்தை சேரும் என்று மனைவி இன்னும் முணுமுணுக்கிறார். அதைத் துடைப்பது என் வேலை என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் முற்பணம் கட்டினோம்.